அடுப்பங்கரை ஜன்னல்

“அந்த ஜன்னல அடைச்சிடலாம் அத்தே” என்றான் தங்கராசு. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. புதிய கடப்பாக்கல் மேடையில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

பாஞ்சாலை கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அந்த ஜன்னல் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“ஏன்டா, பொகை போவத்தானே வெச்சோம்?”

“அதுக்கில்ல. விடிகாலைல நான் லாரி எடுக்கிற எடத்துக்கு நேரா இருக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பார்த்துட்டு, கெளம்பறப்ப மொதல்ல ஒன் மொகத்துலயா முழிக்கிறதுன்னு...” மீதியை விழுங்கினான். “ஒனக்கே தெரியும்.”

தெரியாமலென்ன. தாலி அறுத்த நாளிலிருந்து, யாராவது வெளியே கிளம்பினால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறவள்தான். ஆனால் அதை இவன் வாயால் கேட்க நேரும் என்று அவள் நினைத்ததில்லை. தங்கராசு தாயில்லாப் பிள்ளை. அவள் அண்ணன் ஆதிமூலம் உப்பளமே கதியென்று கிடக்க, இவனை இடுப்பில் சுமந்து சோறூட்டி, அம்மை போட்டபோது வேப்பிலையும் கையுமாக விழித்திருந்து ஆளாக்கியவள் அவள். அத்தை வந்து நின்றால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று தெருவில் புரண்டு அழுத பிள்ளை இது. அன்றைக்கு எந்தச் சகுனமும் குறுக்கே வரவில்லை.

இந்த மராமத்தெல்லாம் அவன் கல்யாணத்துக்காகத்தான். வரப்போகிறவள் திண்டிவனத்துப் பெண், குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள். ஆதிமூலம் கணக்குப் பார்க்காமல் செய்தார். அடுப்பங்கரைக்குச் சிவப்புச் சிமெண்ட் தரை. கொல்லைப்பக்கம் சுவரை ஒட்டிப் புதுக் குளியலறை, இடுப்பளவுக்கு வெள்ளை டைல்ஸ். உப்புக்காற்றில் இரும்பு நிற்காதென்று கீலும் தாழ்ப்பாளும் பித்தளை. பாஞ்சாலை வழக்கமாகக் குளிக்கும் ஓலைத்தட்டியை மட்டும் பிரிக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டார். புதுக் குளியலறை தனக்கில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

மேடை கட்டும் அன்று கொத்தனார் குழந்தைசாமி அவளைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்க வைத்தார். இடுப்பு உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு இழுத்தார். சோறு வடிக்கும்போது கை எதுவரை வரும் என்று கேட்டார். தன்னை அளந்து ஒரு பொருள் செய்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அடுப்புக்கு நேரே ஒரு ஜன்னல் கேட்டாள். சவுக்கு மிளாறு எரித்து எரித்து அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. புகையிலேயே கிடந்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். புகைக்கூண்டு வைத்தால் கடல்காற்று புகையைத் திருப்பி உள்ளேயே தள்ளும், ஜன்னல்தான் சரி என்று குழந்தைசாமியும் சொன்னார்.

“அப்ப என் கண்ணு?” என்று கேட்டாள் இப்போது.

“கூரைல ரெண்டு ஓட்டப் பிரிச்சிவுடச் சொல்றேன் அத்தே, பொகை போயிடும். கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கலாம்.”

அவள் அண்ணனிடம் போனாள்.

“வேற பக்கமாவது ஒண்ணு வெச்சிக் குடுண்ணே.”

“வேற பக்கம் ஏது? அந்தாண்ட குளியலற வந்துடுச்சி, இந்தாண்ட கூடம். மேடைய ஒன் ஒசரத்துக்குத்தானே போட்டிருக்குது, இன்னும் இன்னா வேணும்?”

வேலைக்கு அவள் உயரம் வேண்டியிருந்தது. முகம்தான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஆற்று மணலோ தீர்ந்துபோயிருந்தது. உப்பளத்து வரப்போரம் கிடந்த மணலை வண்டியில் அள்ளிவரச் செய்தார் ஆதிமூலம். கொத்தனார் தயங்கியதற்கு, “மேல சுண்ணாம்பு அடிச்சா எல்லாம் ஒண்ணுதான்யா” என்றார். உப்பிலேயே பிழைக்கிற மனிதருக்கு உப்பின் குணம் அவசரத்தில் மறந்துபோனது. அன்று சாயங்காலமே ஜன்னல் இருந்த இடம் சுவராகிவிட்டது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மணமேடைக்குப் போகாமல் சமையல்கட்டிலேயே இருந்துவிட்டாள் பாஞ்சாலை. மருமகள் அஞ்சலாட்சி குணமான பெண். ஆனால் நெட்டையானவள். அடுப்பு மேடை அவளுக்குத் தாழ்வாக இருந்ததில், குனிந்து குனிந்து நாலே நாளில் முதுகு பிடித்துக்கொண்டது. “ஒன் அளவுக்குக் கட்டினதுதானே, நீயே பார்த்துக்க” என்று ஆதிமூலம் தங்கையிடம் சொல்லிவிட்டார். புகை போகக் கூரையில் ஓடு பிரித்திருந்த இடத்தையும் மழைக்காக மூடினார்கள். ஐப்பசி வருவதற்குள் பாஞ்சாலைக்கு நடுப்பகலும் அந்திபோல ஆகிவிட்டது. அரிசியில் கல்லைத் தடவித்தான் பொறுக்கினாள்.

மழை விட்ட ஒரு காலை, அஞ்சலாட்சி அடுப்பங்கரைக்கு வந்து நின்றாள்.

“அத்தே, செவுத்துல இது இன்னா கட்டம்? வெள்ள வெளேர்னு பூத்திருக்குது.”

“எங்கம்மா?”

அஞ்சலாட்சி ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் அவள் கையைப் பிடித்து அடுப்புக்கு மேலே சுவரில் வைத்தாள். விரலில் மாவு மாவாக உதிர்ந்தது. பாஞ்சாலை அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள்; உப்பு. ஓரம் எங்கே, மூலை எங்கே என்று நாலு பக்கமும் மெள்ளத் தடவினாள்.

“ஒன் வூட்டுக்காரன் அடைச்ச ஜன்னல்மா இது. என் மொகத்துல முழிக்கக் கூடாதாம்.”

அஞ்சலாட்சிக்கு அழுகை வந்துவிட்டது. “இதுக்கா? வெளியவும் பூத்திருக்குது அத்தே. லாரிகிட்டருந்து பார்த்தா, நீங்க வெள்ளப் பொடவையோட நிக்கிறாப்பலவே இருக்குது.”

அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கராசு லாரியை எடுக்காமல் திரும்பியிருந்தான். சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக உள்ளே வந்தான். “நவுரு அத்தே. உள்ள, வெளிய, ரெண்டு பக்கமும் அழுத்தமா அடிச்சிடறேன்.”

பாஞ்சாலை நகரவில்லை. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“எத்தினி தபா அடிப்பே? மழ வந்தா வந்துகினேதான் இருக்கும். அந்த உப்ப நான் வெக்கலடா, நீங்க வெச்சது.”

அஞ்சலாட்சி வாளியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினாள்.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தங்கராசு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பாஞ்சாலை மேடையைத் தடவி உப்பு ஜாடியைத் தேடினாள்.