ஆமோஸுக்குள் ஒரு லீவு பாரம்

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பேசும் முறை தனக்கு வந்ததும் ஞானசிகாமணி ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பிடித்துக்கொண்டான். ஆடு மேய்த்து, காட்டத்திப் பழம் பறித்துத் திரிந்த மனிதர், தந்தக் கட்டிலில் புரண்ட பணக்காரர்களின் முகத்துக்கு நேரே ஏழையை மறந்தீர்களே என்று கேட்டவர்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் மூழ்கிக் கிடப்பவன் ஞானசிகாமணி. பனி பெய்யும் அந்த ஊர்களில் கந்தல் கோட்டுக்காரன் ஒருவன் விருந்தின் நடுவே எழுந்து பேச, பிரபுக்களெல்லாம் வெளிறிப்போவார்கள். வளைகுடாப் பாலைவனத்து அப்பாசியாவில் பனியும் இல்லை, அவனிடம் கோட்டும் இல்லை. கூட்டம் நடக்கும் செல்வின் அண்ணன் வீட்டில் புதுத் தோல் சோபா இருந்தது. அது போதும்.

மூன்று வாரம் தயாரித்தான். கண்ணாடி முன் நின்று விரலை நீட்டும் கோணத்தைக்கூட முடிவு செய்தான்.

அன்று நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டவர் முனியசாமி. இராமநாதபுரத்துக்காரர். ஜெபத்துக்கு அல்ல, பிரியாணிக்கு வருவதாக அவரே சொல்லிச் சிரிப்பார். போன வருடம்வரை கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் ஞானசிகாமணியின் பக்கத்துக் கட்டில். அவன் அதே கம்பெனியின் ஏசி ஆபீசுக்குக் கிளார்க்காகப் போனதும் "தம்பி" போய் "சார்" வந்தது. வேண்டாமென்று அவன் சொல்லவில்லை. காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

"சார், நம்ம லீவு என்னாச்சு? அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம்" என்று வாசலிலேயே கேட்டார் முனியசாமி.

"மேனேஜர் டேபிள்ல இருக்குண்ணே. வந்துடும்."

மூன்று வாரமாக இதே பதில். அவன் அதை நம்பியும் இருந்தான்.

கூட்டம் தொடங்கியது. சோபாவைப் பார்த்தபடி, "வசதி வந்ததும் பக்கத்தில் படுத்துக் கிடந்தவனை மறந்தவர்களே!" என்று முழங்கி, பைபிளை உயர்த்தி விரித்தான். உள்ளிருந்து மடித்த தாள் ஒன்று நழுவி, முனியசாமியின் காலடியில் விழுந்தது. ஆமோஸ் பக்கத்துக்கு அடையாளமாக, தயாரிக்க உட்கார்ந்த முதல் நாள் கைக்குக் கிடைத்ததைச் செருகி வைத்திருந்தான்.

முனியசாமி எடுத்து விரித்தார். "இது என் லீவு பாரமாச்சே?"

வெளிறிப்போனது ஒரே ஒரு முகம். அது எந்தப் பிரபுவின் முகமும் அல்ல.

"மேனேஜர் நாளைக்குக் காலையில ஊருக்குப் போறாரு. வர ரெண்டு மாசம் ஆகும்" என்றான் ஞானசிகாமணி. தீர்க்கதரிசிக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

செல்வின் அண்ணன் சோபாவிலிருந்து எழுந்து கார் சாவியை எடுத்தார். "பிரசங்கத்தை அப்புறம் முடிக்கலாம்டே. அந்தாளு வீடு எங்க? வழியச் சொல்லு."

சால்மியாவில் இருந்த வீட்டில், பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவே, மேனேஜர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது ஞானசிகாமணி பின்சீட்டிலிருந்து கையை நீட்டினான். "குடுங்கண்ணே, காலையில ஆபீஸ்ல சேத்துடறேன்."

முனியசாமி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே உள்ளங்கையை அழுத்திக்கொண்டார்.

"வேணாம் சார். எங்கிட்டயே இருக்கட்டும்."

'சார்' முதல்முறையாகக் குத்தியது. ஞானசிகாமணி பின்னால் சாய்ந்தான். இதுவும் தோல் சீட்தான். வெட்கக்கேடு, ரொம்பச் சுகமாக இருந்தது.