ஒரு பிடி மண்ணுக்கு ரஷ்யா

ரஷ்யாவுக்குப் போக அய்யம்பெருமாள் தை மாதத்தைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அப்போதுதான் டிக்கெட் மலிவு. ஊர் சுற்றவா போகிறார் மனுஷன்? ஒரு பிடி மண் எடுக்கப் போகிறார்.

மகன் விக்கி அங்கே குடோன் வேலைக்குப் போனவன். வைகாசியில் குடோன் தீப்பிடித்துச் செத்துப்போனான். இங்கிருந்து காகிதம் போய்ச் சேர்வதற்குள் அங்கேயே புதைத்துவிட்டார்கள். உடம்பைப் பார்க்காத அவர் மனைவி வேம்பு, மகன் செத்தான் என்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. கருமாதிப் பேச்சை எடுத்த பங்காளிகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஆடி போய், தீபாவளியும் போய்விட்டது. இன்னமும் தினம் அவனுக்கென்று சோறு எடுத்து மூடி வைக்கிறாள். காலையில் அதை மாட்டுத் தொட்டியில் கொட்டுவது அய்யம்பெருமாளின் வேலை.

தூர தேசத்தில் செத்தவர்களுக்கு, புதைத்த இடத்துப் பிடிமண்ணைக் கொண்டுவந்து, அதையே உடம்பாக வைத்துக் காரியம் செய்வது அவர்கள் வழக்கம். அந்த மண்ணைக் கண்ணால் பார்த்தால் வேம்பு அழுதுவிடுவாள், அழுதால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினார்.

திட்டம் போட்டுக் கொடுத்தவன் விக்கியின் கூட்டாளி மகேஷ். பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். திருச்சியிலிருந்து சார்ஜா, அங்கிருந்து மாஸ்கோ, அப்புறம் மூன்று நாளைக்கு மேல் ரயில், அதுவும் கடைசி வகுப்பு. சாப்பாட்டுக்கு அவலும் புளிக்காய்ச்சலும். ஒரே நாட்டுக்குள் மூன்று நாள் ரயில் ஓடுமா என்று அய்யம்பெருமாளுக்கு நம்பிக்கையே வரவில்லை. தையில் வேண்டாம், குளிர் ஆளைக் கொன்றுவிடும் என்று மகேஷ் தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

"மார்கழிக் குளிர்ல சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல விடியவிடிய ஜேசிபி ஓட்டுனவன்டா நானு. டிக்கெட்டப் போடு."

போட்டுவிட்டான். ரத்து செய்ய முடியாத டிக்கெட்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மகேஷ் வீட்டுக்கே வந்தான். அங்கே படிக்கும் ஒரு தமிழ்ப் பையனிடம் சொல்லி இடுகாட்டைப் படம் எடுத்து வாங்கியிருந்தான். எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளை. சிலுவைகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"மண்ணு எங்கடா?" என்றார் அய்யம்பெருமாள்.

"இடுப்பளவு பனிக்கு அடியில கெடக்குங்க சித்தப்பா. அதுவும் பாறையா இறுகிப் போச்சாம். சித்திரை கழிஞ்சாத்தான் இளகுமாம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலமெல்லாம் மண்ணை வாரிக் கொட்டியே சோறு தின்ற மனுஷனுக்கு, மண்ணே கிடைக்காத மாதமும் உலகத்தில் உண்டு என்று தோன்றவே இல்லை பாருங்கள். இன்னொரு டிக்கெட்டுக்கு இனி எங்கே போவார்?

அடுப்படியிலிருந்து வேம்பு வந்தாள். இந்தப் பயணத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்காதவள், போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவனுடைய குழி எது என்று கேட்டாள். மகேஷ் விரல் வைத்துக் காட்டினான்.

"இந்தக் குளிர்லயா எம்புள்ள கெடக்கான்?"

உள்ளே போனவள் ஒரு பிடி பச்சரிசியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கணவன் மடியில் வைத்தாள்.

"மண்ணு கெடைக்கலன்னா போவுது. பெத்தவ நான் அவனுக்கு வாய்க்கரிசி போடல. அந்தப் பனி மேலயாவது போட்டுட்டு வாங்க."

அன்றைக்கு அவள் சோறு மூடி வைக்கவில்லை. மறுநாள் காலையில் மாடு வெறும் தொட்டியை நக்கிவிட்டுக் கத்திக்கொண்டே நின்றது.