சக்கரத்தைப் பிடித்திருந்த கை

கிதானேயின் சைக்கிள் எந்த வண்டியின் தலையிலும் ஏறாது என்பது கிண்டா ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏன் ஏறாது என்பதும் தெரியும். அவர் முன்னால் அதைப் பேசத்தான் யாருக்கும் வாய் வராது.

அவர் இளவட்டமாக இருந்தபோது நடந்தது அது. கடலோரத்து மசாவாவிலிருந்து மலைமேல் அஸ்மராவுக்குச் சைக்கிள் பந்தயம். உப்புக்காற்றில் புறப்பட்டு மேகத்துக்குள் போய் முடிகிற ஏற்றம். எல்லோருக்கும் பின்னால் ஒரு கார் வரும். கால் ஓய்ந்து இறங்கிவிட்டவர்களை அது அள்ளிக்கொள்ளும். ஆள் உள்ளே, சைக்கிள் மேலே, தலைகீழாக, சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி. சாலையோரத்து ஜனங்கள் முதலில் பந்தயக்காரர்களுக்குக் கை தட்டுவார்கள். பிறகு கலைந்து போகாமல் அந்தக் காருக்காக நிற்பார்கள். கூரையில் தெரிகிற நிறத்தை வைத்தே யார் வீட்டுப் பையன் கைவிட்டான் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதற்குத்தான்.

கிதானேயின் நீலச் சைக்கிள் அர்பரோபா வளைவுகளுக்குச் சற்றுக் கீழே கூரை ஏறியது. இன்னும் கொஞ்சம் தம் பிடித்திருந்தால் அஸ்மரா. அன்று சாயங்காலம் காப்பிக் கடையில் ஒருவன் கேட்டான், "மேல காத்து எப்படி இருந்துச்சு கிதானே?" கடையே சிரித்தது. அடுத்த பந்தயத்தில் அவர் மூன்றாவதாக வந்தார், மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. கல்யாண வீட்டில், துக்க வீட்டில், சுவாக் கள் குடிக்கிற இடத்தில் எவனாவது ஒருவன் குவளையை வைத்துவிட்டு, மேல காத்து எப்படி என்பான்.

அன்றிலிருந்து சபதம். மின்கம்பி வேலை கிடைத்துக் கிண்டாவுக்குக் குடி வந்தபோது கட்டிலும் அலமாரியும் மனைவியும் கைக்குழந்தையும் லாரியில் வந்து இறங்கினார்கள், அவர் பின்னாலேயே மிதித்து வந்தார். மகள் செனாயித் கல்யாணமாகி அஸ்மராவுக்குப் போன பிறகும், பேருந்து இருக்க, அத்தனை ஏற்றத்தையும் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

போன வருஷம் முற்றத்துப் பாசியில் வழுக்கி இடுப்பு உடைந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்த டாக்டர் சொல்லி அனுப்பினார். இனி ஏற்றம் கூடாது, சமதளத்தில் மெல்ல மிதிக்கலாம், மிதித்தால்தான் கால் பிழைக்கும். கிண்டாவில் சமதளத்துக்கு எங்கே போவது? அஸ்மராத் தெருவோ பலகை போட்டது போல் கிடக்கிறது. செனாயித்தும் வா வா என்கிறாள்.

போகலாம்தான். சைக்கிள் எப்படிப் போகும்?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கிதானே மாசக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சைக்கிளை நிறுத்தி, கையால் மிதியைச் சுற்றி, சங்கிலி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி அல்கனேஷ் சைக்கிளைப் பார்க்கவில்லை. கால்சட்டைக்குள் அவர் கால் மெலிந்துகொண்டே போவதைப் பார்த்தாள். இன்னொரு மழைக்காலம் இப்படியே போனால் இந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை என்று அவளுக்குப் பட்டது. கடைசியில் அவளே மகளுக்குச் சொல்லி அனுப்பி, சாமான் ஏற்ற லாரி பிடித்தாள்.

லாரிக்காரர்கள் மெத்தைக்கு மேல் சைக்கிளைத் தூக்கி வைத்ததும் கிதானே கைத்தடியோடு வந்து இறக்கச் சொன்னார். லாரி சைக்கிள் இல்லாமல் போனது.

மறுநாள் காலை யெமானே தன் மஞ்சள் டாக்சியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன், ஐம்பது வயது, வாய் ஓயாதவன். டிக்கியை மிளகாய்த்தூள் டின்னும் மாவு மூட்டையும் அடைத்துவிட்டன. பின்சீட்டில் பாதி, கூடைக் கோழிகளுக்கு. கூரையில் இரும்புக் கேரியர் காலியாக இருந்தது. கிதானே வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு கையால் சைக்கிளின் இருக்கையைப் பிடித்திருந்தார்.

"அண்ணே, சக்கரத்தைக் கழட்டிருவோம். கோழிக்குப் பக்கத்துல சொருகிரலாம்" என்றான் யெமானே.

"கையைக் காலைக் கழட்டி மூட்டை கட்ட இது என்ன ஆட்டுக்கறியா?"

"அப்ப மேல ஏத்தலாம்."

கிதானே இருக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். யெமானே அல்கனேஷைப் பார்த்துக் கண்ணை உருட்டினான்.

"நீ போ அல்கனேஷ். மக காத்திருப்பா. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார் கிதானே.

"யாரு சோறு போடுவா?"

"யெமானே பொண்டாட்டி போடுவா."

"அவ எனக்கே போட மாட்டேங்கிறா அண்ணே" என்றான் யெமானே.

அல்கனேஷ் துணி சுற்றிய காப்பிக் கூஜாவைக் காரின் முன்சீட்டில் வைத்துவிட்டு வந்தாள். வெள்ளைத் துப்பட்டியை மடியில் ஒதுக்கிக்கொண்டு, படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"கிதானே, நான் உன்னை எதுக்குக் கட்டிக்கிட்டேன் தெரியுமா?"

"இப்ப எதுக்கு அது?"

"தெரியுமா தெரியாதா?"

"மூணாவதா வந்தேன். பெரிய மாலை. உங்க சித்தி அதைப் பார்த்துட்டுத்தான் ஆள் அனுப்பினா."

"சித்தி மாலையைப் பார்த்தா. அவளைப் பார்க்கச் சொன்னது யாரு?"

அவர் திரும்பினார்.

"அதுக்கு முந்தின பந்தயத்தன்னிக்கு நான் அர்பரோபா வளைவுல கள்ளிப்பழம் வித்துக்கிட்டிருந்தேன்" என்றாள் அல்கனேஷ். "அந்தக் காரு வந்துச்சு. கூரைல ஒரு குவியல் சைக்கிள். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு, வெறகு மாதிரி. ஓரத்துல ஒரு நீலச் சைக்கிள் மட்டும் தனியா, நேரா, இறுக்கிக் கட்டி இருந்துச்சு. கம்பியில உரசாம இருக்க அடியில ஒரு பச்சைச் சட்டை மடிச்சு வச்சிருந்துச்சு."

கிதானேயின் கை இருக்கையிலிருந்து நழுவியது. அந்த நாளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

"பச்சைச் சட்டையில எங்க கிழிஞ்சிருந்துச்சு?" என்று கேட்டார், சோதிக்கிறவர் போல.

"எங்க கிழிஞ்சுதோ யாரு கண்டா? சட்டை அங்க இருந்தா ஆளு வெறும் மேலோட இருக்கணும்ல? இருந்தே. கண்ணாடியை இறக்கிட்டு, ஒரு கையைத் தோள் வரைக்கும் வெளிய நீட்டி, மேல இருந்த சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டே போனே. வளைவு வளைவாப் போச்சு காரு. கீழ இருந்து பார்க்க ஒவ்வொரு வளைவுலயும் அந்தக் கை தெரிஞ்சுச்சு. பழம் வாங்க வந்தவன் கத்துறான், நான் உரிச்ச பழத்தைக் கையில வச்சுக்கிட்டு மேலேயே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். தோத்துப் போற அன்னிக்கும் ஒருத்தன் தன் பொருளை இப்படிப் பார்த்துக்குறானேன்னு தோணுச்சு. வீட்டுக்குப் போய்ச் சித்திகிட்ட சொன்னேன், நீலச் சைக்கிள்காரன் யாருன்னு விசாரின்னு. அவ ஒரு வருஷம் இழுத்தா. நீ ஜெயிச்சு மாலை வாங்கினப்புறந்தான் அசைஞ்சா."

"இத்தனை காலம் சொல்லல."

"சொல்ல விட்டியா நீ? கூரைங்கிற வார்த்தையைக் கேட்டாலே சாப்பிடாம எழுந்து போயிருவே. நம்ம வீட்டு ஓட்டுல ஒழுகினப்பகூட நான் மேல ஒழுகுதுன்னுதான் சொன்னேன்."

யெமானே சிரிப்பை அடக்க டயரைக் குனிந்து பார்த்தான்.

கிதானே கைத்தடியால் தரையைக் கீறினார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அது சைக்கிளைப் பார்த்துக்கிட்டதில்ல அல்கனேஷ். நல்லாத்தான் கட்டியிருந்தேன், பிடிக்க வேண்டிய அவசியமே இல்ல. காத்துக்கு அந்தச் சக்கரம் தன்னால சுத்துச்சு. டக் டக்குனு சத்தம் உள்ள கேட்டுச்சு. நான் மிதிக்காம அது ஏற்றம் ஏறுதேன்னு என்னால தாங்க முடியல. அதான் நிறுத்திப் பிடிச்சேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கட்டிக்கொண்டது வேறொரு ஆளை என்று இப்போது தெரிந்துபோன மாதிரி இருந்தது அவர் முகம்.

அல்கனேஷ் கொஞ்சம் யோசித்தாள். "சரி. கை உன்னுதுதானே" என்றாள். எழுந்து துப்பட்டியை உதறினாள். "யெமானே, தூக்கி மேல வை."

யெமானே ஒரு நொடி கிதானேயைப் பார்த்தான். அவர் தடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவன் சைக்கிளைத் தூக்கிக் கேரியரில் படுக்கப் போட்டு, நைலான் கயிற்றைக் குறுக்கே வீசி, ஒரு முடிச்சு போட்டான். இன்னொரு முடிச்சு போடப் போனான்.

"டேய், என்னடா பண்ணுறே?" என்றார் கிதானே.

"கட்டுறேன் அண்ணே."

"எதை, கழுதையையா? மிதி போய்க் கூரைத் தகட்டைக் குத்துது பாரு. முதல் வளைவுலயே சரிஞ்சு பின்னால வர்றவன் தலையில விழும்."

"அப்ப நீங்களே வந்து கட்டுங்க. படியில உக்காந்துக்கிட்டு டிராஃபிக் போலீஸ் மாதிரி."

கிதானே கைத்தடியை ஊன்றி எழுந்தார். அல்கனேஷ் கோழிக்கூடையைச் சரிசெய்வது போல் திரும்பிக்கொண்டாள்.

நைலான் கயிறு தூரப் போனது. பழைய டியூபை நீள நீளமாகக் கிழித்து வைத்திருந்தார், உள்ளே போய் எடுத்து வந்தார். ரப்பர் இழுத்துக் கட்டினால் வழியில் தளராது. காற்றடிக்கிற பம்ப்பையும் மணியையும் கழற்றிக் காப்பிக் கூஜாவுக்குப் பக்கத்தில் வைத்தார். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லி, கைப்பிடியை முன் கம்பியில் இரண்டு பக்கமும் கட்டினார், இருக்கையைப் பின் கம்பியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். நீலச் சட்டம் ஒரு இடத்தில் இரும்பில் உரசியது. அல்கனேஷ் தன் துப்பட்டியை நீட்டினாள்.

"கறையாயிரும், போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து அந்த இடத்தில் சொருகினார். அவள் துப்பட்டியைத் திரும்பப் போர்த்திக்கொண்டாள்.

கடைசியாகச் சட்டத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். சைக்கிள் அசையவில்லை, காரே அசைந்தது. கோழிகள் கத்தின.

"இதான் கட்டு. தாழ்ந்த கிளை வந்தா ஒதுங்கிப் போ. செனாயித் வீட்டு வாசல் வளைவுக்குள்ள காரை விடாதே, மேல ஆள் இருக்குங்கிறதை மறந்துட்டு நுழைஞ்சு உடைச்சவன் நிறைய பேரு. தெருவிலேயே இறக்கிரு."

"ஆளா? சைக்கிள்னு சொன்னாங்க" என்றான் யெமானே.

புறப்பட்டார்கள். வழியில் நெஃபாசித் ஊரில் நிறுத்தச் சொல்லிக் கட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அதற்கு மேல் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. வெயில் போய்க் குளிர் வந்தது. முன்சீட்டில் இருந்த கிதானே மடியிலிருந்த கூஜாவைப் பின்னால் கொடுத்தார், கண்ணாடியை இறக்கினார், வலக்கையை வெளியே நீட்டி மேலே இருந்த முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"குளிரு உள்ள வருது அண்ணே. கட்டுனது போதாதா?"

"நீ ஓட்டு."

அல்கனேஷ் பின்னாலிருந்து அந்தக் கையைப் பார்த்தாள். ரோமமெல்லாம் நரைத்துவிட்டது. மணிக்கட்டு எலும்பு மட்டும் அதேதான்.

அர்பரோபா வளைவில் கள்ளிப்பழ வாளியோடு நின்ற பிள்ளைகள் காரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். ஒருவன் கூடவே ஓடி வந்தான்.

"தாத்தா, ஏற முடியலையா? விட்டுட்டீங்களா?"

யெமானே வேகத்தைக் கூட்டப் போனான். கிதானே வேண்டாம் என்று தலையசைத்தார்.

"விட்டுட்டேன்டா" என்றார். "இங்கதான் விட்டேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

"மேல காத்து எப்படி இருக்கு?"

அல்கனேஷ் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பன் பாட்டன் வாயிலிருந்து கேட்டுப் பழகிய கேள்வியாக இருக்க வேண்டும்.

"இரு, கேட்டுச் சொல்றேன்" என்றார் கிதானே. கையை எடுத்துவிட்டார்.

கார் அடுத்த வளைவில் திரும்பியது. பையன் பின்தங்கினான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வளைவைத் தாண்டி எதிர்க்காற்று அடித்ததும் கூரை மேல் முன் சக்கரம் அசைந்து ஓடத் தொடங்கியது, பின்னாலேயே பின் சக்கரமும் டக், டக், டக்கென்று சேர்ந்துகொண்டது. யெமானேகூட வாயை மூடிக்கொண்டான். மூடுபனிக்குள் அந்தச் சத்தம் அவர்களுக்கு மேலேயே ஏறி வந்தது.

"சங்கிலிக்கு எண்ணெய் போடணும்" என்றார் கிதானே கொஞ்ச நேரம் கழித்து. "நாளைக்குக் காலையில மிதிக்கணும்ல."

"போடலாம். கண்ணாடியை ஏத்து, கோழி நடுங்குது" என்றாள் அல்கனேஷ்.

அவர் பாதிதான் ஏற்றினார். முழுதும் ஏற்றினால் சத்தம் கேட்காது.