தோற்ற பக்கத்தின் தலைவர்

தோர்தா நகரில் கூடிய நாட்டுச் சபை சட்டம் போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒவ்வோர் ஊரும் தனக்குப் பிடித்த போதகரை வைத்துக்கொள்ளலாம். விசுவாசம் கடவுள் கொடுப்பது, அதில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டத்தை எங்கள் ஊரான கெர்த்தேஷில் உரக்கப் படித்தவன் நான்தான். இங்கே பள்ளிக்கூடம் நடத்துகிறேன்.

எங்கள் ஊர் கோயில் முற்றத்து லிண்டன் மரத்தடியில் போதகரைத் தேர்ந்தெடுத்தது. வேண்டும் என்கிற வீட்டுக்காரர்கள் மரத்துக்குக் கிழக்கே நிற்க வேண்டும், வேண்டாம் என்கிறவர்கள் மேற்கே. போதகர் லோரின்ட்ஸுக்காகக் கிழக்கே முப்பத்தொரு பேர் நின்றார்கள். மேற்கே ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருவராக நின்று எண்ணிக்கையை அறிவித்தவர் ஊர்த் தலைவர் தெமெதெர்.

கடவுள் ஒருவரே, திரித்துவம் வேதத்தில் இல்லை என்பது லோரின்ட்ஸின் போதனை. தெமெதெருக்கு அது ஆகாது. ஞாயிறுதோறும் லோரின்ட்ஸைக் கோயில் வாசலில் மறித்துக்கொள்வார்.

"போதகரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு எங்கப்பா சொல்லிக்கொடுத்தது பொய்யா?"

"உங்கப்பா நல்ல மனுஷர். வேதத்தைப் படிக்கலை, அவ்வளவுதான்."

"நீங்க படிச்சு ரெண்டு பேரைக் காணாம அடிச்சிட்டீங்க!"

செப்டம்பரில், ஊரைச் சுற்றியுள்ள காட்டுக்குச் சொந்தக்காரரான எஜமானின் காரியஸ்தர் ஃபார்காஷ் ஒரு புதிய போதகரை வண்டியில் அழைத்துவந்தார். நேராகத் தெமெதெர் வீட்டுக்கு வந்தார். பாலம் பழுது பற்றிய மனுவை எழுத நான் அங்கே இருந்தேன்.

"இவரு உம்ம கட்சி ஐயா. திரித்துவக்காரர். ஊர் போதகரை மாத்தச் சொல்லுதுன்னு ஒரு கடுதாசி, அதுல உம்ம முத்திரை. அது போதும்."

தெமெதெர் பாலத்து மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முத்திரை விழலேன்னா, எஜமான் காட்டுல இந்த வருஷம் உங்க பன்னி ஒண்ணுகூட கால் வைக்காது. ஞாயித்துக்கிழமை வரேன்."

அந்தக் காட்டின் ஓக் காய்களைத் தின்று கொழுத்த பன்றிதான் எங்களுக்குக் குளிர்காலச் சாப்பாடு. தெமெதெரிடம் மட்டும் பதினாறு பன்றிகள் இருந்தன.

அவர்கள் போனதும் அவர் மனைவி போர்பாலா கேட்டாள்: "நீங்க ஆசைப்பட்டது வாசலுக்கே வந்திருக்கு. இன்னும் என்ன யோசனை?"

"அதாண்டி யோசனை."

ஞாயிற்றுக்கிழமை, காரியஸ்தரும் புதிய போதகரும் வந்து நிற்க, தெமெதெர் எல்லாரையும் மறுபடியும் மரத்தடிக்குக் கூப்பிட்டார். காரியஸ்தர் சொன்னதை, பன்றி விஷயம் உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். "இப்ப நில்லுங்க. பயந்து நின்னாலும் சரி, பயப்படாம நின்னாலும் சரி. நான் எண்ணுவேன்."

ஐந்து பேர் தலைகுனிந்து மேற்கே நடந்தார்கள். கொல்லன் மார்ட்டோன் பாதி வழி போய் நின்றான். "சே, பன்னி மெலிஞ்சா மெலியட்டும் கழுதை!" என்று திரும்பினான். சிரிப்பு எழுந்தது. கிழக்கே இருபத்தாறு, மேற்கே பதினான்கு. தெமெதெர் முன்போலவே மேற்கே நின்றுகொண்டு எண்ணிக்கையைச் சொன்னார்.

காரியஸ்தர் கத்தினார்: "நீரே எங்க பக்கம்தானே நிக்கிறீர்?"

"நிக்கிறேன். தோத்துட்டோம்."

"நீர் தலைவர்! ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது!"

"இன்னிக்கு எனக்குப் பிடிச்சவரை நீங்க கொண்டுவந்து வைப்பீங்க. நாளைக்கு இன்னொரு எஜமான் எனக்கு ஆகாதவரைக் கொண்டுவந்து வைப்பான். அப்ப நான் எந்த மரத்தடிக்குப் போவேன்? இது என் தோல்விங்க. நானே எண்ணினது. இதை மாத்தி எழுத உங்களுக்கு உரிமை இல்லை."

அதுவரை வாய் திறக்காத புதிய போதகர் தொப்பியைக் கழற்றித் தெமெதெருக்குத் தலைவணங்கினார். "இந்த ஊர் என்னைக் கூப்பிடலை. போகலாம் வாங்க" என்று காரியஸ்தரிடம் சொல்லிவிட்டு, தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டார்.

காடு மறுநாளே மூடப்பட்டது. நவம்பரிலேயே பன்றிகளை வெட்ட வேண்டியதாயிற்று; கொழுப்பு விரல் தடிமன்கூட இல்லை. நான் பல ஊர்களில் வேலை பார்த்தவன். அந்தக் குளிர்காலத்தில்தான், எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு நிமிர்ந்து பதில் சொன்னேன்.

வெட்டுகிற நாளில் தெமெதெர் வீட்டுப் பன்றியின் பின்னங்கால்களை அவரும் லோரின்ட்ஸும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள்.

"உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே..." என்று தொடங்கினார் லோரின்ட்ஸ்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். போன வாரம் யோவான் சுவிசேஷம் முதலாம் அதிகாரத்துக்கு நீங்க சொன்ன விளக்கம் சுத்தத் தப்பு. காலை இறுக்கிப் பிடியுங்க, சொல்றேன்."