மஞ்சளாகவே நின்ற இரண்டு குடுவைகள்

கலமாட்டாவில் எண்ணெய்க் கூட்டுறவின் ஆய்வகத்தில் கரிஃபாலியாவும் நானும் ஒரே மேசையில் வேலை பார்க்கிறோம். என் மகளுக்கு ஞானஸ்நானத் தாய் அவள். அதனால் ஒருத்தியை ஒருத்தி ‘கும்பாரா’ என்றுதான் கூப்பிடுவோம், சண்டை போடும்போதுகூட. சண்டை தினமும் உண்டு.

ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறதென்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. எண்ணெயைக் கரைத்து, நிறங்காட்டியில் சில சொட்டு விட்டு, பியூரெட் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மஞ்சளுக்குள் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்து, மறையாமல் நின்றால் குழாயின் திருகை மூட வேண்டும். எவ்வளவு காரம் செலவானதோ அதை வைத்து அமிலம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். அமிலம் குறைந்தால்தான் முதல் தரம். ஒருத்தி கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதால் ஒரே எண்ணெயை இருவரும் தனித்தனிக் குடுவையில் செய்வோம். அவரவர் அளவைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, பிறகு சேர்ந்து திருப்புவோம். கொஞ்ச காலமாக எங்கள் சீட்டுகளில் மயிரிழைகூடப் பிசகவில்லை. அதில் எனக்கு வந்த கர்வம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அர்கிரிஸின் எண்ணெயைச் சோதித்துக்கொண்டிருந்த காலை அது. பறித்த காயை மூட்டையிலேயே புழுங்கவிட்டுக் காபிக் கடையில் உட்கார்ந்திருப்பவன் அவன். அவன் எண்ணெய் முதல் தரத்துக்கு வந்ததே இல்லை. எங்கள் வேலை பாதியில் இருக்கும்போது சன்னலுக்குள் தலையை நீட்டினான்.

“அக்கா, இந்த வருஷம் என் எண்ணெய் தேனு! தொட்டில மேலாப்ல தெளிஞ்சதாப் பார்த்து ஊத்திட்டு வந்திருக்கேன்.”

எனக்குச் சுர்ரென்றது. திருகை மூடிவிட்டுத் திரும்பினேன்.

“அட மடையா! தொட்டியோட லட்சணம் தெரியணும்னா நல்லாக் கலக்கிட்டுல்ல எடுக்கணும்? தலைய மட்டும் சீவி விட்டா எந்த மாப்பிள்ளையும் அழகாத்தான்டா தெரிவான்!”

திட்டி முடித்தபோது வேலையும் முடிந்துவிட்டதாக என் கை நினைத்துக்கொண்டது. பியூரெட்டைப் பார்த்து அளவை எழுதிக் கவிழ்த்தேன். கரிஃபாலியாவும் கவிழ்த்தாள். திருப்பினோம். ஒரே எண்.

அந்த எண்ணை நான் வாய்விட்டுப் படித்ததும் அர்கிரிஸ் குதித்தான். “முதல் தரம்! நான் சொன்னேன்ல!”

முதல் தரமா, இவனுக்கா? அப்போதுதான் குடுவைகளைப் பார்த்தேன். என்னுடையது மஞ்சளாகவே இருந்தது. அவளுடையதும் அப்படியே.

“போய் தொட்டியக் கலக்கி வேற புட்டி கொண்டா” என்று அவனை விரட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“கும்பாரா, உன் குடுவை என்ன நிறம்?”

“என்ன கேள்விடி இது? இளஞ்சிவப்பு.”

“மஞ்சள்.”

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கோடும் எண்ணும் தெரியுது. நிறந்தான் தெரியல” என்றாள் மெதுவாக. “கண்ல புரைன்னாங்க. போன வருஷத்துலேர்ந்து உன் பியூரெட்டப் பார்த்துத்தான் என்னோடத நிறுத்துறேன்.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா மேனேஜர் என்னைய ரசீது கிழிக்கிற இடத்துக்கு அனுப்பிடுவான். உன் பக்கத்துல உக்கார முடியாதுல்ல?”

கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன.

“நான் தப்பு பண்ணியிருந்தா நீயும் அதே தப்பைத்தானே எழுதியிருப்ப? ரெண்டு பேருன்னு நெனச்சுத் திமிரா இருந்தேனே! ஒரு வருஷமா இங்க நான் மட்டுந்தான் இருந்திருக்கேன்.”

அவள் தன் சீட்டை மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

“அடுத்த வாரம் ஏதென்ஸ்லேர்ந்து நம்மளச் சோதிக்கப் புட்டி வருது. ஆளுக்கொரு ரூம்ல தனியா செய்யணும். தப்பாப் போனா கையெழுத்துப் போடுற உரிமையே போயிடும். என்ன செய்யப்போற?”

“நீ எப்படியாவது உன் அளவை முன்னாடியே...”

“மாட்டேன்.”

கூடப் பிறந்தவர்கள்கூட அவளுக்கு அப்புறம்தான் எனக்கு. ஆனாலும் மாட்டேன் என்றேன். அவள் தலையசைத்தாள்.

“சரி. மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். ஆபரேஷனுக்கும் தேதி வாங்கிடறேன். அதுக்கு முன்னாடி உன் குடுவைய முடி. கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்க்கிறேன். ஒருவேளை தெரிஞ்சிட்டா?”

குடுவையை அவளே கையில் எடுத்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பியூரெட்டின் கீழே பிடித்துச் சுழற்றினாள். தெரிந்துவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே திருகைத் திறந்தேன். சொட்டுகள் விழுந்தன. இளஞ்சிவப்பு வந்தது, கலைந்தது, மறுபடி வந்தது. அப்புறம் மறையாமல் அப்படியே நின்றது. நான் திருகை மூடினேன்.

கரிஃபாலியா கண்ணைச் சுருக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் எத்தனை சொட்டுடி ஆகும்?” என்றாள்.