நோட்டிலிருந்து இறங்கியவள்

1997 ஆடி மாதத்து இரண்டாவது வெள்ளியன்று, மராத்தி ஊரான சாங்வியில் ராமநாதனின் அமெரிக்கப் பண நோட்டில் அச்சாகியிருந்த பெண்மணி கீழே இறங்கி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டாள். அன்று தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய். பாங்க் மேனேஜராக ஓய்வுபெற்ற ராமநாதன், கோந்த்வாவில் இருந்த மனையை விற்று அந்த ஒற்றை நோட்டை வாங்கியிருந்தார். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஏதோ ஒரு தனியார் பாங்க் அச்சடித்தது. பாறைமேல் உட்கார்ந்த ஒரு பெண், கையில் கோதுமைக் கதிர், ஒரு தோள் திறந்தபடி. ஒரு மடிப்பு விழுந்தால் பாதி விலை போச்சு, ஒரு கறை பட்டால் முழு விலையும் போச்சு என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். "மனையைப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டியாச்சு" என்று அவர் மனைவி பட்டு பால்காரன் வரைக்கும் சொல்லிவைத்திருந்தாள். ஆனாலும் கையில் தானியத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவளை ஆடி வெள்ளியில் வெறும் நெற்றியோடு விட அவளுக்கு மனசு வரவில்லை. படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். இறங்கி வந்தவளுக்கு முதலில் ஒரு ரவிக்கை கொடுத்தாள்.

அதன்பின் வெள்ளிதோறும் அந்தப் பெண்மணி வந்தாள். அவள் கொண்டுவந்த கோதுமையை மாவுச் சக்கியில் அரைத்தால் சப்பாத்தி பூவாக வந்தது. காய்கறிக்காரியிடம் மராத்தி கற்றுக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு நோட்டுக்குத் திரும்பிவிடுவாள். வெள்ளிக்கிழமை ராமநாதனுக்குச் சேகரிப்பாளர் சங்கத்தில் சொற்பொழிவு. எப்போதாவது அவளைச் சமையலறையில் பார்த்தபோது பஜனைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

1999இல் மும்பையிலிருந்து மதிப்பீட்டாளர் தாம்லே வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பெட்டியைத் திறந்தால் வெறும் பாறை. ராமநாதன் பெட்டிக்குள் விரலால் துழாவினார். தாம்லே பூதக்கண்ணாடியை விட்டு நிமிரவே இல்லை. படம் விழாமல் போன அச்சுப்பிழை, உலகத்தில் இது ஒன்றே ஒன்று என்றார். "அதைத்தானே நான் ஆரம்பத்திலேர்ந்து சொல்லிண்டிருக்கேன்" என்றார் ராமநாதன். அந்தப் பெண்மணி காபி கொண்டுவந்து வைத்தாள். தாம்லே தலை தூக்காமல் குடித்தார், கோந்த்வா மனையை நாலு தடவை வாங்கும் தொகைக்குக் காசோலை எழுதினார், நோட்டோடு ரயிலேறினார்.

விளக்கு வைத்தபோது அவள் முகம் கழுவிவிட்டுக் காலிப் பெட்டி முன்னால் நின்றாள்.

"அவ ஆத்தைன்னா வித்துட்டேள்?" என்றாள் பட்டு.

"நோட்டு என் பேர்ல இருக்குடி."

"காகிதம் உங்களோடது. வெறும் காகிதத்துக்கா அந்த மனுஷன் இவ்வளவு கொடுத்தான்? அவ இல்லாததுக்குக் கொடுத்தான். அப்போ பணம் யாரோடது?"

முப்பது வருஷம் கடன் விண்ணப்பங்களை நிராகரித்த மனிதர் இதையும் நிராகரித்தார். பட்டு அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் இறங்கிவந்தார். கராடியில் அந்தப் பெண்மணியின் பெயருக்கு ஒரு ஃபிளாட் பதிவானது. பதிவு ஆபீஸில் தகப்பனார் பெயர் கேட்டார்கள். பட்டு தன் அப்பா பெயரைச் சொன்னாள்.

2003 முதல் அதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சாஃப்ட்வேர் பையன்கள் குடியிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் அவள் பட்டுவின் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வாடகை வாங்கி வருகிறாள். நல்ல அம்மா, ஆனால் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் அவர்கள் குறை.