கைராசிக்காரி

எங்கள் யூனிட்டில் புதிதாகக் கிளேஸ், அதான் பீங்கானுக்கு மினுக்கு ஏற்றும் பூச்சு, கலக்கினால் முதல் சாமானை நான்தான் அதில் முக்கி எடுக்க வேண்டும். முதலாளி ராஜாங்கம் போட்ட சட்டம் அது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எத்தனையோ யூனிட்டுகள். அகல் விளக்கு, பொம்மை, ஜாடி என்று ஆளுக்கு ஒன்று செய்கிறார்கள். சூளை பற்ற வைக்கும்போது எல்லா இடத்திலும் சூடம் கொளுத்துவார்கள், எலுமிச்சம்பழம் வெட்டுவார்கள். எங்கள் இடத்தில் அதோடு மோகனப்பிரியா என்கிற என் வலது கையும் வேண்டும். பதினோரு வருஷமாக நான் அங்கே கிளேஸ் கலக்குகிறேன். நான் முதலில் தொட்ட சரக்கு வெடித்ததே இல்லை என்று ஒரு பேச்சு. உண்மையில் வெடித்திருக்கிறது. நல்ல பேர் வந்துவிட்டால் வெடித்ததெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கெட்ட பேரும் அப்படித்தான். ஒட்டிக்கொண்டால் போகாது. என் வீட்டுக்காரர் திருமால் வேப்பூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்தார். ஆறே மாதத்தில் பஸ் நிற்கும் இடத்தை மாற்றிவிட்டார்கள். கடைப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கூட்டாளியோடு கோழிப்பண்ணை போட்டார். அக்னி நட்சத்திரத்தில் ஷெட்டுக் கூரை காய்ந்து கோழியெல்லாம் செத்தன. பஸ் ஸ்டாப்பை அவர் மாற்றவில்லை, வெயிலையும் அவர் கூட்டி வரவில்லை. இருந்தாலும் திருமால் கை வைத்தால் விளங்காது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

எங்கள் தெருமுனையில் கமலக்கா பூ விற்கிறார். காலையில் முதல் போணிக்கு என்னைத்தான் கூப்பிடுவார். முதல் முழம் என் கைக்கு வந்தால் அன்றைக்குக் கூடை சீக்கிரம் காலியாகுமாம். ஒருநாள் எனக்குத் தலைவலி என்று என் வீட்டுக்காரரை அனுப்பினேன். வாசலில் நின்று பார்த்தேன். கூடை நிறையப் பூவைக் கட்டி வைத்துக்கொண்டு, "இன்னும் கட்டி முடிக்கல தம்பி, அப்புறமா வாங்க" என்றார் கமலக்கா. இவர் வெறுங்கையோடு வந்து, "பூ இல்லியாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கமலக்காவோடு சண்டைக்குப் போக எனக்கு யோக்கியதை கிடையாது. கோழி செத்த வாரம், "ஒங்க கையில எதுதாங்க தங்குது?" என்று கேட்டவள் நானேதான்.

போன தை மாதம் அவர் மீன் வளர்க்கப்போவதாகச் சொன்னார். வெறும் மீன் இல்லை, மீனும் கீரையும் சேர்த்து. அக்வாபோனிக்ஸ் என்று பெயர். செல்போனில் வீடியோ பார்த்தே படித்தார். வீட்டுக்குப் பின்னால் வட்டமாகக் கம்பி வலை நட்டு, உள்ளே தார்ப்பாய் விரித்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி. பக்கத்தில் நீல டிரம்களை நெடுக்கில் பாதியாக அறுத்து, கால் கொடுத்து நிறுத்தி, அதில் ஜல்லி நிரப்பிச் செடி வைக்க வேண்டும். மண்ணே கிடையாது. மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் டிரம்முக்கு ஏற்றும். ஜல்லியில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் அந்தக் கழிவை உரமாக மாற்றும். செடி அதை எடுத்துக்கொண்டபின் தெளிந்த தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே இறங்கும். மீனுக்குத் தீனி போட்டால் போதும், கீரைக்கென்று தனியாக எதுவும் போட வேண்டாம். நான் அதற்கு மீன் ஜமீன் என்று பெயர் வைத்தேன். "ஜமீன்தார் சாப்பிட வரீங்களா?" என்றுதான் கூப்பிடுவேன். சிரித்துக்கொண்டே வருவார்.

ஜல்லி விஷயத்தில் மட்டும் நான் மூக்கை நுழைத்தேன்.

அந்தச் சமயத்தில் யூனிட்டில் நான் ராணி மாதிரி இருந்தேன். சூளைச் சூட்டைக் குறைத்தால் கேஸ் மிச்சமாகும் என்று முதலாளிக்கு ஆசை. சூடு குறைந்தால் பழைய கிளேஸ் சரியாக உருகாது. நான் சீக்கிரம் உருகுவதற்குப் போராக்ஸைக் கூட்டி, நிறத்துக்குக் காப்பர் ஆக்சைடை இரண்டு மடங்காக்கி, ஒரு பச்சை கொண்டுவந்தேன். அசல் கிளிப்பச்சை. பளபளவென்று வந்தது. எல்லோரையும் கூப்பிட்டு வைத்து முதலாளி என்னைப் பாராட்டினார். அந்தப் பச்சையில் ஆனி மாதத்துக்கு ஊறுகாய் ஜாடி வேண்டும் என்று பாண்டிச்சேரிக் கடை ஒன்று ஆர்டரும் கொடுத்தது. சோதனை பார்த்தபோது விரிசல் விட்ட ஜாடிகளும் மூடிகளும் ஒன்பது மூட்டை மிஞ்சின.

"அதக் கொண்டாந்து ஒடச்சிப் போடுங்க" என்றேன்.

"வீடியோவுல கருங்கல் ஜல்லிதான் காட்டுறாங்க பிரியா."

"செராமிக் ஊர்ல இருந்துகிட்டு ஜல்லிக்கு எவனாவது லாரி தேடுவானா? பாக்கவும் அழகா இருக்கும்."

அவருக்கு முழு மனசு இல்லை. ஆனாலும் என் பேச்சைத் தட்டவில்லை. எல்லாம் உடைத்துக் கழுவி வைத்தபிறகு என்னைக் கூப்பிட்டார். "மொதல் கை நீ போடு. ஒன் கைராசி வரட்டும்" என்றார். நானும் பெருமையாக வலது கையால் ஒரு பிடி அள்ளி டிரம்மில் போட்டேன்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து முந்நூறு ஜிலேபி மீன் குஞ்சு வந்தது. அதில் சவலையாக இருந்த இருபதை மட்டும் ஒரு தனி டிரம்மில் விட்டு, அதன்மேல் சின்னதாக ஒரு செடித்தொட்டி வைத்தார். அதற்குப் போட ஓடு பற்றவில்லை. பக்கத்தில் வீடு கட்டியவர்களிடம் அரை மூட்டை ஜல்லி கேட்டு வாங்கி நிரப்பினார்.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே போனது. புதினா மண்டிக்கொண்டு வந்தது. தக்காளி காய்த்தது. மீன் உள்ளங்கை அளவு ஆனது. எனக்கும் அதைப் பார்க்கப் பார்க்கப் பிடித்துவிட்டது, வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பது அவர் வழக்கம். முதலில் நீலமாக இருந்த நிறம் போகப்போக மஞ்சளுக்கு வந்தது. "தண்ணி லேசாப் புளிச்சிருக்குது. நாளாக ஆக அப்படித்தான் ஆவுமாம். செடிக்கு நல்லதுதான்" என்றார்.

வைகாசி பிறந்தது. ஒரு காலையில் நாலு மீன் மல்லாந்து மிதந்தன. மறுநாள் ஏழு. மீதி எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் தீனியை மாற்றினார். காற்றுக் குழாய் இன்னொன்று போட்டார். மேலே பச்சை வலை கட்டினார். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் இரண்டு நாள் தாங்கும், மறுபடி சாகும். செத்ததை அள்ளி முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைப்பதே அவருக்குக் காலை வேலையாகிவிட்டது. மூன்று வாரத்தில் தொட்டியில் முப்பது கூட மிஞ்சவில்லை.

"ஒரகடத்துல செக்யூரிட்டி வேல இருக்குதாம். ஒண்ணாந்தேதி வரச் சொல்றான்" என்றார் ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டே.

"அப்ப இது?"

"இது என்னா இருக்குது? எங் கையில எதுவும் தங்காது பிரியா. நீதான் அன்னைக்கே சொன்னியே."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் அதை மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னார். அவ்வளவு நம்பிவிட்டார். வேலைக்குப் போவது எனக்குப் பெரிதாகப் படவில்லை, எத்தனையோ பேர் போகிறார்கள். இந்த நினைப்போடு இந்த மனிதர் பெட்டி கட்டிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் எதையும் தொடமாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. துவையலுக்குப் புதினா பறிக்கப் போனேன். ஒரு கொத்து வேரோடு வந்துவிட்டது. வேரில் ஓர் ஓட்டுத் துண்டு மாட்டிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். வெளியே தெரிந்த பாதி கிளிப்பச்சை. தண்ணீரில் கிடந்த பாதி வெளுத்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. கிளேஸை விரலால் தடவியே சோறு தின்பவள் நான். பூச்சு முழுசாக உருகாமல் மேலே மட்டும் மினுக்கியிருக்கிறது. தண்ணீர் புளிக்கப் புளிக்கச் செம்பு கரைந்து இறங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் மீன் மூச்சு விட்டிருக்கிறது.

தனி டிரம்மை எட்டிப் பார்த்தேன். சவலை என்று ஒதுக்கிய இருபதும் ஜல்லித் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தன. அதே கிணற்றுத் தண்ணீர், அதே தீனி, அதே கை.

இருந்தாலும் நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டும். யூனிட்டிலிருந்து கொண்டுவந்து அடுப்படியில் கல்லுப்பு போட்டு வைத்திருந்த அதே கிளிப்பச்சை ஜாடியைக் காலி செய்து, அடியில் அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தேன். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? எனக்குத் தெரியாமல் போனதுதான் வெட்கம். காலையில் பழத்தை எடுத்தேன். அது இருந்த இடத்தில் வட்டமாக வெள்ளை விழுந்திருந்தது.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நல்லவள் மாதிரி இங்கே கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். பதினோரு வருஷப் பேர் ஒரே நாளில் போய்விடும் என்று பயம். அவர் ஒரகடம் போனால் போகட்டும், மாதம் பிறந்தால் சம்பளமாவது வரும் என்றுகூட ஒரு புத்தி சொன்னது. புதன்கிழமை காலையில் அவர் பைக்குள் சட்டைகளை மடித்து வைத்தார். மருந்துச் சொட்டுப் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

ஜாடியையும் வெளுத்த துண்டையும் அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுத் திட்டு விழும் என்று நின்றேன்.

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எங் கை இல்லியா?" என்றார்.

"இல்லீங்க. எங் கைதான்."

தன் வலது கையை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். ஒரு கொலைகாரனை நிரபராதி என்று விட்டால் இப்படித்தான் பார்ப்பானோ என்னவோ. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதர் அந்தக் கையோடு என்னிடம் சோறு வாங்கித் தின்றிருக்கிறாரே என்று அழுதேன். அவரோ என்னைச் சமாதானம் செய்வதை விட்டுவிட்டு ஜாடியைப் பார்த்தார்.

"இதுல ஊறுகா போட்டுத் தின்பாங்களே பிரியா. லாரி ஏறிடுச்சா?"

ஏறவில்லை. மறுநாள்தான் ஏறுவதாக இருந்தது. ஜாடியை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். ராஜாங்கம் முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார். "ஒன் கைய நம்பித்தானம்மா எறங்குனேன்!" என்றார். கத்தி முடித்துவிட்டு அவரே ஒரு ஜாடியில் எலுமிச்சம்பழம் கவிழ்த்து வைத்தார். லாரி போகவில்லை. அத்தனை ஜாடியின் அடியிலும் ஓட்டை போடச் சொன்னார். அழகுக்குச் செடி வைக்கும் தொட்டி என்று அவை வேறு இடத்துக்குப் போயின. எனக்கு வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் வெள்ளை கிளேஸ் கலக்கியபோது முதல் சாமானை முக்க வேறொரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்திலேயே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலிக்கத்தான் செய்தது.

ஒன்பது மூட்டை ஓட்டுத் துண்டுகளையும் நாங்கள் இரண்டு பேரும் அள்ளி வெளியே போட்டோம். செடிகளைப் பிடுங்கி எறிந்தோம். தார்ப்பாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். இந்த முறை கருங்கல் ஜல்லிதான். தனி டிரம்மில் இருந்த ஜல்லியில் பாதியை எடுத்து, பாலுக்கு உறை ஊற்றுவது போல அவர் புது ஜல்லியோடு கலந்துவிட்டார். நல்ல நுண்ணுயிர் அதிலிருந்து பரவுமாம். ஒண்ணாம் தேதி வந்தது, போனது. ஒரகடத்துப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆடி முதல் வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து குஞ்சு வந்தது. பைகளைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டார். கமலக்காவும் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்துவிட்டார். பையை அவிழ்த்ததும் இவர் பழக்கதோஷத்தில் என் பக்கம் நீட்டினார்.

"ஆமா, பிரியாவே மொதல்ல வுடட்டும். கைராசிக்காரி" என்றார் கமலக்கா.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "போனவாட்டி அத்தன மீனையும் கொன்னது எங் கைதாங்க்கா. அவரு கையில இருந்த இருபதுல ஒண்ணுகூடச் சாவல" என்றேன். தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

இவர் கையை லுங்கியில் இரண்டு தரம் துடைத்தார். பையைச் சாய்த்து, உள்ளங்கையைத் தண்ணீரில் தாழ்த்திப் பிடித்தார். குஞ்சுகள் அவர் விரல் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின.

மறுநாள் காலையில் நான் பூ வாங்கப் போகவில்லை, வேலை இருக்கிறது என்று அவரை அனுப்பினேன். வேலை ஒன்றும் இல்லை. வாசலில் நின்று பார்த்தேன். கமலக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார், கூடையைப் பார்த்தார். பிறகு பூச்சரத்தை எடுத்து முழங்கையில் வைத்து அளந்தார்.

"பூ இருந்துச்சா?" என்று கேட்டேன் அவர் உள்ளே வந்ததும்.

"இருந்துச்சு" என்றார்.